யாழ்ப்பாணமும் சென்னையும்: தூரம், பறப்பு நேரம், சமூக வரலாறு

1. பிரச்சினையின் இயல்பு

இரு நகரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை இயற்கை தந்தது எனவும், அதனைக் கடக்கும் நேரத்தைத் தொழில்நுட்பம் தந்தது எனவும் கொள்வது பொது வழக்கு. இவ்விரண்டினையும் அட்டவணையிலே குறித்துவிட்டால் விடயம் முடிந்துவிடுகின்றது. ஆயின், குறித்த ஒரு தூரத்தை யார் கடந்தனர், யார் கடக்க விடப்படவில்லை, எவ்வழியாக, எத்தேவைக்காகக் கடந்தனர் என வினவத் தொடங்கியதும் தூரம் ஒரு சமூக வரலாற்று விடயமாகிவிடுகின்றது. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட வழியினை இந்நோக்கிலேயே இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

முதலில் அளவுகளைக் கவனிப்போம். பலாலி விமானத் தளத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் வரையிலான நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். பலாலியிலிருந்து கொழும்பின் தெற்கேயுள்ள இரத்மலானை விமானத் தளம் ஏறத்தாழ 330 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. இம்மூன்று தளங்களும் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையை அண்டி, வடக்குத் தெற்காக ஏறக்குறைய ஒரே நிரையில் அமைந்துள்ளன. அதாவது, சென்னைக்கும் கொழும்புக்கும் இடையிலே வானத்தில் ஒரு கோடு வரையின் யாழ்ப்பாணம் அக்கோட்டின் நடுப்புள்ளியாக அமையும்.

இது புவியியல் கூறும் செய்தி. வரலாறு கூறுவது வேறு. பலாலியில் வெளிநாட்டுச் சேவை இல்லாதிருந்த தசாப்தங்களில் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் சென்னைக்குச் சட்டபூர்வமாக விமானத்தில் செல்வதாயின், முதலில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கு நோக்கிக் கொழும்புக்குச் செல்ல வேண்டும். பின்னர் கட்டுநாயக்கவிலிருந்து ஏறத்தாழ 645 கிலோமீற்றர் வடக்கு நோக்கிப் பறக்க வேண்டும். அவ்விமானம் அவர் புறப்பட்ட இடத்தைக் கடந்து வடக்கே செல்லும். 355 கிலோமீற்றர் இவ்வாறு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீற்றராயிற்று. இம்மும்மடங்குப் பெருக்கம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதே எமது வினா.

2. பாய்மரக் காலத்து அண்மை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்துக்குத் தமிழகக் கடற்கரை அயலிடமாகவே இருந்தது. தஞ்சைப் பகுதியின் நெல்லும் அரிசியும் நாகபட்டினத்தினூடாக வடபகுதித் துறைகளுக்கு வந்தன. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்றது. வல்வெட்டித்துறையினதும் பருத்தித்துறையினதும் தோணிகள் இவ்வாணிபத்தின் ஊர்திகளாயின. அக்காலத்தே காற்றே கால அட்டவணை. சாதகமான காற்றில் ஓரிரு நாளில் முடியும் பயணம், பாதகமான பருவத்தில் வாரக்கணக்கில் தடைப்படும். எனினும், கொழும்புக்குத் தரைவழியே காடுகளினூடாகச் செல்வதிலும் கடல்வழியே தமிழகம் செல்வது யாழ்ப்பாணத்தவர்க்கு இயல்பானதாக இருந்தது.

இவ்வண்மையின் பண்பாட்டு விளைவுகள் நன்கு அறியப்பட்டவை. ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டு அச்சியந்திரம் பெறுதற்பொருட்டுச் சென்னை சென்றார். பின்னர் அவரது அச்சகப்பணி வண்ணார்பண்ணையிலும் சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் நடைபெற்றது. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் யாழ்ப்பாணத்தவர். தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தது தமிழகத்திலேயே. ஏடும் அச்சும் பட்டமும் தேடிச் சென்ற இவர்களுக்குச் சென்னை அந்நியப் பட்டினமாகத் தோன்றியிருக்கவில்லை.

ஆயின் இவ்வண்மையை நாம் இலட்சியப்படுத்துதல் கூடாது. தோணியில் ஏறிக் கல்வியும் வாணிபமும் தேடிச் சென்றோர் பெரும்பாலும் நிலமும் பொருளும் உடைய உயர்சாதியினரும் கரையோர வணிகருமே. தோணியை இழுத்தோரும் சுமை ஏற்றியோரும் பதிப்பு வரலாற்றில் இடம்பெறவில்லை. இதே காலத்தில், இதே கடலை, முற்றிலும் வேறொரு மக்கட்கூட்டம் வேறொரு நிலையிற் கடந்துகொண்டிருந்தது.

3. இருப்புப் பாதையும் உழைப்பின் வழியும்

1830களின் பின்னர் மத்திய மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பரவியபோது, தமிழகத்தின் வரண்ட மாவட்டங்களிலிருந்து உழைப்பாளர் ஆயிரக்கணக்கில் கொணரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே சென்றனர். வடக்குப் பாதை எனப்பட்ட இவ்வழியில் வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் எத்தனையோ உயிர்களைக் கொண்டன. பாக்கு நீரிணையின் குறுகிய கடல் அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை. கடலுக்கு அப்பாலிருந்த காடே தூரமாயிற்று. தூரம் என்பதை மைலில் அன்றி மரணத்தில் அளக்க வேண்டியிருந்த மக்கள் இவர்கள்.

இலங்கையின் புகையிரதப் பாதைகள் அமைந்த வரிசை இங்கு மனங்கொள்ளத்தக்கது. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இலேயே பாதை சென்றடைந்தது. கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டு வருவதே அதன் முதன்மை நோக்கம். வடபகுதிப் பாதையோ 1905ஆம் ஆண்டிலேயே முழுமையுற்றது. அப்பாதை யாழ்ப்பாணத்தைக் கொழும்புடன் பிணைத்தது. கடல்வழியே வடக்கும் மேற்கும் நோக்கியிருந்த சமூகம் ஒன்று இருப்புப் பாதைவழியே தெற்கு நோக்கத் தொடங்கிற்று. ஆங்கிலங் கற்ற இளைஞர்க்கு எழுதுவினைஞர் பதவியும், சிறு வணிகர்க்குக் கொழும்பில் கடையும் கிடைத்தன. யாழ்ப்பாண மத்தியதர வர்க்கத்தின் உருவாக்கத்தில் மிசன் பாடசாலைகளைப் போலவே இப்புகையிரதப் பாதைக்கும் கணிசமான பங்குண்டு.

1914ஆம் ஆண்டு பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மார்ச் மாதம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கிற்று. ஏறத்தாழ 22 மைல் கடலின் இரு மருங்கும் இருப்புப் பாதைகள் வந்து முடிந்தன. சென்னை எழும்பூரில் புகையிரதமேறி, தனுஷ்கோடியிற் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் புகையிரதமேறிக் கொழும்பை அடையலாயிற்று. போட் மெயில் எனப் பெயர்பெற்ற இவ்வழியால் பெரிதும் பயன்பெற்றவை பெருந்தோட்டங்களும் கொழும்பு வணிகமுமே. தலைமன்னாரில் இறங்கிய யாழ்ப்பாணப் பயணி நூறு கிலோமீற்றருக்கு மேல் தென்கிழக்காக மதவாச்சி சென்று, அங்கு வண்டி மாறி, மீண்டும் வடக்கு நோக்கிச் செல்ல வேண்டியிருந்தது. குடியேற்ற நாட்டுப் பொருளாதாரம் தனக்கு வேண்டிய கோட்டையே வரைந்தது. அக்கோட்டில் யாழ்ப்பாணம் ஓரத்திலிருந்தது.

தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் இக்கரைக்கு வருமுன்னரே மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் தொற்றுத்தடைக்கு உட்படுத்தப்பட்டனர். ஒரே கப்பலின் முதல் வகுப்புப் பயணிக்கும் இத்தொழிலாளருக்கும் கடலின் அகலம் ஒன்றே; பயணத்தின் நீளம் ஒன்றன்று.

4. வானத்தில் ஒரு நேர்கோடு

1935ஆம் ஆண்டு இரத்மலானையில் முதல் விமானம் இறங்கிற்று. 1938இல் தாத்தா நிறுவனத்தின் தபால் விமானம் இந்தியாவிலிருந்து அங்கு வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப் படையினர் பலாலியில் ஒரு தளத்தை அமைத்தனர். யாழ்ப்பாணத்துக்கு விமான ஓடுபாதையைத் தந்தது போர்த் தேவையே. பிற்காலத்தில் அவ்வோடுபாதையை மக்களிடமிருந்து நீக்கியதும் போரே என்பதை இங்கு குறித்துச் செல்வோம்.

1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை தொடங்கிற்று. டக்கோட்டா வகை விமானம் ஒன்று இரத்மலானையிற் புறப்பட்டு, காங்கேசன்துறை எனக் குறிக்கப்பட்ட பலாலித் தளத்தில் இறங்கி, பின்னர் சென்னை சென்றது. நாட்டின் தேசிய விமானச் சேவையின் முதற் பயணமே யாழ்ப்பாணத்தினூடாக நிகழ்ந்தது என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. புவியியல் வரைந்த நேர்கோட்டை முதன்முறையாக ஒரு பொதுப் போக்குவரத்துச் சேவை பின்பற்றியது.

டக்கோட்டா மணிக்கு ஏறத்தாழ 270 முதல் 300 கிலோமீற்றர் வேகத்திற் செல்வது. இருபதுக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றவல்லது. பலாலியிலிருந்து சென்னைக்கு அதற்கு ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக் குறையாத நேரம் தேவைப்பட்டிருக்கும். காற்றுக்காகக் காத்திருந்த தோணியையும், இரவு பகலாக ஓடிய புகையிரதத்தையும், இடையிற் கப்பலையும் நோக்க இது ஒரு புரட்சியே.

ஆயின், நேரம் சுருங்கிய அதே வேளையில் வேறொரு வகைத் தூரம் விரிந்தது. முதற் பறப்பு நிகழ்ந்து இரு மாதங்கள் நிறைவதற்குள் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் நிறைவேறின. முன்னர் ஒரே பேரரசின் இரு கரைகளாக இருந்தவை இப்பொழுது இரு அரசுகளின் எல்லைகளாயின. கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் நாணயக் கட்டுப்பாடும் பயணத்தின் பகுதிகளாயின. விமானம் கடலைக் கடந்த நேரத்திலும் பார்க்க, அனுமதி பெறக் காத்திருந்த நேரம் நீண்டது. மலையகத் தொழிலாளருட் பெரும்பான்மையோர் நாடற்றவராயினர். விமான டிக்கற் வாங்கக்கூடிய வர்க்கத்துக்கு வானம் திறந்தபோது, கால்நடையாய் வந்து நாட்டின் செல்வத்தை ஆக்கிய வர்க்கத்துக்கு நிலமே மறுக்கப்பட்டது.

5. திறந்த வழிகள் மூடப்பட்டமை

1964ஆம் ஆண்டு இரு நிகழ்ச்சிகளை ஒருங்கே கொண்டது. அக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி, நாடற்றோருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதெனவும் முடிவாயிற்று. 1974இல் அவ்வெஞ்சியோரும் இரு நாடுகளுக்கிடையே சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இவ்விரு ஒப்பந்தங்களின்போதும் அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. 1964 டிசம்பர் 22, 23ஆந் திகதிகளில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற புகையிரதம் பயணிகளுடன் கடலாற் கொள்ளப்பட்டது. பின்னர் கப்பற்சேவை இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே நடைபெற்றது. மூதாதையர் வந்த வழியே மலையக மக்கள் அக்கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டனர். பலருக்கு அது தாம் ஒருபோதும் கண்டிராத நாட்டை நோக்கிய ஒருவழிப் பயணம். 1984இல் கப்பற்சேவை நின்றபோது, இந்தியக் குடியுரிமை பெற்றும் செல்லவியலாது இங்கேயே தங்கியோர் பலர். 2003ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே அத்தகையோரது நிலைக்கு வழி பிறந்தது.

விமானச் சேவையின் கதியும் இதனையொத்தது. 1970களின் இறுதியில் பலாலிக்கும் தமிழகத்துக்கும் இடைப்பட்ட சேவை நின்றது. 1979இல் எயர் சிலோனின் இடத்தை எயர் லங்கா பெற்றது. கட்டுநாயக்கவே நாட்டின் ஒரே சர்வதேச வாயிலாயிற்று. 1980களில் இனப்பிரச்சினை போராக வடிவெடுக்க, பலாலி படைத்தளமாயிற்று.

இடைப்பட்ட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் இவ்வான்வழி முற்றாக வெறுமையாக இருந்ததெனக் கூறுதல் இயலாது. 1987 யூன் 4ஆந் திகதி இந்திய விமானப் படையின் ஐந்து சரக்கு விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மீது நிவாரணப் பொருள்களை இட்டன. அதற்கு முதல்நாள் கடல்வழி அனுப்பப்பட்ட படகுகள் திருப்பப்பட்டிருந்தன. அடுத்த மாதம் ஒப்பந்தமும் அதன்பின் இந்தியப் படையும் வந்தன. பயணிகளுக்கு மூடப்பட்ட வானம் அரசுகளுக்குத் திறந்தே இருந்தது. 1983இன் பின்னர் மன்னார்க் கரையிலிருந்து இரவில் படகேறிய அகதிகளோ அதே குறுகிய கடலைக் கடந்தனர். தோட்டத் தொழிலாளருக்கென அமைந்திருந்த மண்டபம் முகாமே இப்பொழுது ஈழத்து அகதிகளுக்கு இடமளித்தது. ஒரே முகாம், எதிர்த் திசையில் வந்த இரு நூற்றாண்டுகளின் துயரைக் கண்டது.

கொழும்புக்கான வழியும் எளிதாக இருக்கவில்லை. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 யூனில் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் மக்கள் உயிரைப் பணயம் வைத்துக் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகிற் கடந்தனர். பகற்பொழுதில் முடியும் 400 கிலோமீற்றர் நாட்கணக்கிலாயிற்று. பலாலியிலிருந்து இரத்மலானைக்குச் சென்ற விமானமும் பாதுகாப்பானதாக இருக்கவில்லை. 1998 செப்டெம்பர் 29ஆந் திகதி புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். 2002 ஏப்ரலில் திறக்கப்பட்ட ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. யாழ்ப்பாணம் சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஒரே வேளையில் தொலைவாயிற்று.

6. தூரத்தின் மறுபக்கம்

இதுவரை கூறியவற்றிலிருந்து, தூரம் விரிந்தது முழுவதும் இழப்பே என முடிவுகட்டுதல் பொருந்தாது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் காரணமாகத் தென்னிந்திய வணிக இதழ்களின் வருகை குறைந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, இவ்விதழ்களின் ஆதிக்கத்துக்கெதிராக இலங்கையின் முற்போக்கு எழுத்தாளர்கள் குரல் எழுப்பியிருந்தனர். ஈழத்துச் சிறுகதையும் நாவலும் சஞ்சிகையும் தம் சொந்த வாசகரையும் சொந்த மண்ணின் பிரச்சினைகளையும் உறுதியாகப் பற்றிக்கொண்டமைக்கு இத்தூரமும் ஓரளவு துணைசெய்தது. அண்மை எப்பொழுதும் சமத்துவமன்று. பெரிய சந்தைக்கு அருகிலுள்ள சிறிய சந்தை அதன் கிளையாகிவிடும் ஆபத்து உண்டு.

எனினும் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். பண்பாட்டுத் தனித்துவத்துக்காக ஒரு சமூகம் தானே வகுத்துக்கொள்ளும் இடைவெளி வேறு. போரும் அரசும் அதன்மீது சுமத்தும் தனிமை வேறு. முன்னையது உரையாடலை மறுப்பதில்லை. பின்னையது நோயாளியை மருத்துவரிடமிருந்தும், மாணவனை நூலகத்திலிருந்தும், தாயை மகளிடமிருந்தும் பிரிக்கின்றது.

7. மீண்டும் ஒன்றேகால் மணித்தியாலம்

போர் 2009இல் முடிவுற்றபின் வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2014 அக்டோபரில் புகையிரதம் யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது. 2019 அக்டோபர் 17ஆந் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11ஆந் திகதி சென்னையிலிருந்து அலையன்ஸ் எயர் நிறுவனத்தின் ஏ.ரி.ஆர். விமானம் முதற் பயணிகள் சேவையைத் தொடங்கியது. பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ நிறுவனமும் இவ்வழியில் இறங்கியது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 60 கடல் மைல் தூரத்தில் 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடிற்று.

இங்கு பறப்பு நேரம் பற்றிய ஒரு நுண்மையைக் கவனிக்கலாம். சுழல்விசிறிகளையுடைய ஏ.ரி.ஆர். 72 விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்திற் செல்ல வல்லது. வெறுங் கணக்கின்படி 355 கிலோமீற்றரை அது முக்கால் மணித்தியாலத்துக்குட் கடக்க வேண்டும். அட்டவணையோ ஒன்றேகால் முதல் ஒன்றரை மணித்தியாலம் வரை குறிக்கின்றது. இதிற் பிழையில்லை. அட்டவணை குறிப்பது வானில் செல்லும் நேரத்தை மட்டுமன்று. விமானம் தரிப்பிடத்தை விட்டு அசைந்த கணம் முதல் மறு தரிப்பிடத்தில் நிற்கும் கணம் வரையான நேரத்தை. ஓடுபாதைக்கு ஊர்தல், உயரத்துக்கு ஏறல், நெரிசல் மிகுந்த சென்னை வானில் முறைவர இறங்கல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். தூரம் குறுகக் குறுக இவற்றின் பங்கு பெருகும். எனவே 1947இன் டக்கோட்டாவுக்கும் இன்றைய விமானத்துக்கும் வேகத்திற் பெரும் வேறுபாடு இருப்பினும், இக்குறுவழியில் பயணி பெறும் நேரத்தில் அத்துணை வேறுபாடு இல்லை.

இதிலிருந்து பெறப்படும் முடிபு தெளிவானது. இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட ஒன்றேகால் மணித்தியாலத்தைத் தொழில்நுட்பம் 1947இலேயே வழங்கிவிட்டது. அதன்பின் நிகழ்ந்த ஏற்ற இறக்கங்கள் யாவும் சமூகத்தினாலும் அரசியலினாலும் ஆனவை.

8. யாருக்குரிய நேரம்?

இறுதியாக எழும் வினா, மீண்டுவந்த இந்நேரம் யாருக்குரியது என்பதாகும். விமான நிலையத்தைச் சூழ்ந்த வலிகாமம் வடக்குக் கிராமங்களின் மக்கள் 1990 முதல் இடம்பெயர்ந்தவர்கள். அவர்களது காணிகள் போருக்குப் பின்னர் படிப்படியாகவும் பகுதியாகவுமே விடுவிக்கப்பட்டன. ஓடுபாதையிலிருந்து சென்னை ஒன்றேகால் மணித்தியாலம். ஓடுபாதையின் அருகே பிறந்த ஒருவர் தம் வீட்டு முற்றத்தை அடைய முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. கீழே கடலிலோ, 1974இலும் 1976இலும் வரையப்பட்ட கடலெல்லையின் இருபுறத்து மீனவரும் இழுவைப் படகுகளின் பொருட்டு மோதுகின்றனர். ஒரே மொழி பேசும் இரு கரைகளின் வறியோர் பகைவராகச் சந்திக்கும் இடமாக நீரிணை ஆகியுள்ளது.

ஆகவே, யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட தூரம் 355 கிலோமீற்றர் என்பது உண்மையே. அது பாதி உண்மை. தோணிக்காரர், வடக்குப் பாதையில் வீழ்ந்த தொழிலாளர், தலைமன்னாரிற் கப்பலேற்றப்பட்ட நாடற்றோர், கிளாலியைக் கடந்தோர், இராமேஸ்வரத்தில் இறங்கிய அகதிகள் ஆகியோரின் வழிகளையும் சேர்த்துக் கணித்தாலன்றி அத்தூரம் முழுமையாக அளக்கப்பட்டதாகாது. போக்குவரத்து வரலாறு பாலங்களினதும் விமானங்களினதும் வரலாறாக மட்டும் எழுதப்படும்வரை, வழிநடந்தோர் அதற்கு வெளியிலேயே நிற்பர். அவர்களை அவ்வரலாற்றின் உள்ளே கொணர்வதும், திறந்துள்ள வழிகள் விமானக் கட்டணம் செலுத்த இயன்றோருக்கு மட்டுமுரிய சலுகையாகக் குறுகிவிடாது காப்பதும், பிரிக்கவியலாத இரு கடமைகளாக எம்முன் உள்ளன.